வீடு புறநகரில், ஓனர் துபாயில், ஆபீஸ் ஆப்பில்... தொட்டிக்குள் இறங்குபவருக்கு யார் பொறுப்பு?

ஒரு சனிக்கிழமை காலை. சென்னைப் புறநகரில் வாடகைக்கு இருப்பவர், துபாயில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புகிறார். "சார், பாத்ரூம்ல தண்ணி போக மாட்டேங்குது. செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு போல." உரிமையாளர் அதை அப்படியே பராமரிப்பு நிறுவனத்தின் ஆப்பில் போடுகிறார். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கோஆர்டினேட்டர் டிக்கெட் திறக்கிறார். அது ஒரு கான்ட்ராக்டருக்குப் போகிறது. அவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு போன் அடிக்கிறார். "மதியம் ரெண்டு மணிக்குள்ள முடிச்சு போட்டோ அனுப்பிடுங்கண்ணே."

இந்தச் சங்கிலியில் ஐந்து பேர். நான்கு பேரின் கையில் போன். ஐந்தாமவர் மட்டும்தான் தொட்டியின் மூடியைத் திறக்கிறார். அவருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது?

மேலே சொன்னது ஓர் உதாரணம்தான். ஆனால், வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்களின் வீடுகளைப் பராமரித்துத் தரும் தொழில் இப்படித்தான் இயங்குகிறது. வாடகை வசூல், சொத்து வரி, மின்கட்டணம், பிளம்பிங், பெயின்டிங் என எல்லாமே ஆப்பில் முடிந்துவிடுகிறது. வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் வேலை ஆப்பில் நடப்பதில்லை. சன்ஷேட் மேலேயும், சம்ப்புக்குள்ளேயும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் இருட்டிலும்தான் நடக்கிறது.

தூரம் ஏன் ஆபத்தாகிறது?

ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அங்கேயே நிற்பார். ஒரு ஆள் பெல்ட் போடாமல் ஏறினால் "ஏய், இறங்கு" என்று சத்தம் போட ஒருவராவது இருப்பார். தொலைவிலிருந்து நடக்கும் பராமரிப்பில் அந்த ஒருவர் இல்லை. அவருக்குப் பதிலாக இருப்பது ஒரு போட்டோ. அதுவும் வேலை முடிந்த பிறகு எடுத்த போட்டோ. சுத்தமான தொட்டி தெரியும். அதை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பது தெரியாது.

இரண்டாவது பிரச்னை, தகவல். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, பின்பக்க சுவிட்ச்போர்டில் ஷாக் அடிக்கும், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு இடத்தில் ஆடுகிறது, பக்கத்து வீட்டு நாய் கடிக்கும். இதெல்லாம் உரிமையாளருக்கோ வாடகைதாரருக்கோ தெரியும். டிக்கெட்டில் வருவது 'மோட்டார் ஓடவில்லை' என்ற இரண்டே சொற்கள்தான்.

மூன்றாவது, அவசரம். டிக்கெட்டுக்கு நேரக்கெடு உண்டு. தாமதமானால் கோஆர்டினேட்டரின் ஸ்கோர் குறையும், கான்ட்ராக்டரின் ரேட்டிங் குறையும். "இன்னிக்கு முடியாது, ரெண்டு பேர் வேணும்" என்று சொல்லும் தொழிலாளிக்கு அடுத்த வேலை வருமா என்பதே சந்தேகம். ஆபத்தைச் சொல்பவருக்கு அபராதம், சொல்லாமல் இறங்குபவருக்கு ஐந்து ஸ்டார். ஆப்பை வடிவமைத்தவர்கள் இதை விரும்பி இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் விளைவு இதுதான்.

தொட்டி: 'முழுசா கிளீன் பண்ணுங்க' என்ற மூன்று சொல்

செப்டிக் டேங்க் வேலையில் மனிதர் உள்ளே இறங்க வேண்டிய தேவையே இல்லை. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரி வரும், குழாய் உள்ளே போகும், கழிவு உறிஞ்சப்படும். பிறகு ஏன் இறங்குகிறார்கள்?

லாரி உறிஞ்சிய பிறகும் அடியில் கெட்டியான கசடு தங்கும். 'காசு கொடுத்திருக்கோம், முழுசா கிளீன் பண்ணுங்க' என்று மேலிருந்து ஒரு குரல் வரும். அந்த இடத்தில்தான் ஒருவர் வாளியோடு இறங்குகிறார். உண்மையில், கொஞ்சம் கசடு அடியில் இருப்பதே நல்லது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அதில்தான் இருக்கின்றன. தரையைத் தேய்த்துக் கழுவிய செப்டிக் டேங்க் எந்த உரிமையாளருக்கும் தேவையில்லை. தேவையே இல்லாத ஒரு 'பர்ஃபெக்ஷனு'க்காக ஓர் உயிர் பணயம் வைக்கப்படுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது? முக்கியமாக ஹைட்ரஜன் சல்ஃபைட். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட வாயு. இதன் மோசமான குணம், அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 100 பங்கு என்ற அளவிலேயே நாற்றம் தெரியாமல் போகத் தொடங்கும். "இப்ப ஸ்மெல் இல்ல, இறங்கலாம்" என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சே போதும்.

கூடவே ஆக்சிஜன் குறைவு. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. அது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே, மூடிய இடங்களில் வேலை செய்வோருக்கான பாதுகாப்பு விதிகள் அதை ஆபத்தான காற்று என்கின்றன. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனை இங்கே உதவாது. நச்சு வாயுவை அது காட்டாது. உள்ளே மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும்.

ஒருவர் மயங்கி விழுந்ததும் அடுத்தவர் காப்பாற்ற இறங்குவார். அவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறந்த செய்திகள் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதல்ல. மூடிய இடங்களில் நடக்கும் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது.

குடிநீர் சம்ப்பையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். உள்ளே பெட்ரோல் அல்லது டீசல் பம்ப்செட்டை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நாற்றமே கிடையாது.

மின்சாரம்: 'மெயின் ஆஃப் பண்ணியாச்சு சார்'

எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைக்கிறார். எல்லாம் பாதுகாப்பு என்று நினைக்கிறார். ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் அணைந்த அடுத்த நொடி அது வேலையைத் தொடங்கும். சில லைன்களில் 230 வோல்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மாடியில் சோலார் பேனல் இருந்தால், வெயில் உள்ளவரை அதன் கேபிளில் மின்சாரம் இருக்கும்.

டிக்கெட்டில் ஒரே ஒரு வரி போதும். 'இன்வெர்ட்டர் உண்டு, படிக்கட்டுக்குக் கீழே.' இந்த வரியை எழுத அரை நிமிடம் ஆகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி இருக்கிறதா என்பதும் முதல் நாளே பதிவாக வேண்டிய தகவல். இல்லையென்றால், பெயின்டிங்குக்கு முன் அதைத்தான் போட வேண்டும்.

உயரம்: சன்ஷேடில் நிற்கும் ஏசி மெக்கானிக்

இரண்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே சன்ஷேட். அதன் மேல் ஏசி அவுட்டோர் யூனிட். கேஸ் ஃபில் பண்ண மெக்கானிக் ஜன்னல் வழியாக வெளியே இறங்கி அந்தச் சிமென்ட் விளிம்பில் நிற்பார். எத்தனை வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறோம்! சன்ஷேட் மழைக்கும் வெயிலுக்கும் கட்டியது, ஆள் நின்று வேலை பார்க்க அல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்த பழைய சன்ஷேட் ஆள் கனத்தைத் தாங்காமல் போகலாம். சேஃப்டி பெல்ட் இருந்தாலும் அதை மாட்ட உறுதியான பிடிமானம் வேண்டும். ஜன்னல் கம்பியில் மாட்டினால் போதாது.

இதற்கு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. மே மாதம் மதியம் 1 மணிக்கு மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்கு ஸ்லாட் ஒதுக்கும் மென்பொருளுக்கு இது தெரியாது. ஸ்லாட்டை மாற்ற மனிதருக்குத் தெரிய வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

முதலில் தொட்டி. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. எந்தத் தனிநபரும், உள்ளாட்சி அமைப்பும், ஏஜென்சியும் கழிவுநீர்க் குழாய் அல்லது செப்டிக் டேங்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை அமர்த்தக் கூடாது. 'மறைமுகமாகவோ' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முதல்முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் வரை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் இது. கழிவுநீர் மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

இந்த வேலைக்கு அனுப்பப்படுபவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஆப் வந்த பிறகு கூப்பிடும் முறைதான் மாறியிருக்கிறது. கூப்பிடப்படும் ஆள் மாறவில்லை.

அடுத்து பொதுவான பணியிடப் பாதுகாப்பு. 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொதுவாகப் பொருந்தும். காயமோ தொழில்சார் நோயோ உண்டாக்கும் ஆபத்து இல்லாமல் பணியிடத்தை வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

இழப்பீட்டில் கான்ட்ராக்டர் பின்னால் ஒளிய முடியுமா? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வரும் கொள்கை இது: ஒரு நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தால், அங்கே அடிபடும் தொழிலாளிக்கு அந்த நிறுவனமும் பொறுப்பு. இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, கான்ட்ராக்டரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். வீடு பராமரிப்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனம், "பிளம்பிங் எங்க தொழில் இல்லைங்க" என்று சொல்ல முடியுமா?

அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இருக்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை.

தனியாகப் போகும் பெண் ஊழியர்

வாடகைக்கு வீடு காட்டவும், காலி செய்யும்போது சாவி வாங்கவும் பல நிறுவனங்களில் இளம்பெண்கள் போகிறார்கள். பூட்டிக் கிடந்த வீடு, முன்பின் தெரியாத ஒருவர், மாலை 7 மணி. இது 'ஃபீல்டு விசிட்' என்ற பெயரில் நடக்கும் தனிமை வேலை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்காகப் போகும் எந்த இடத்தையும் பணியிடம் என்கிறது. வாகனப் பயணமும் அதில் அடக்கம். குடியிருப்பு வீடும் அடக்கம். ஆக, வாடிக்கையாளர் வீட்டில் நடந்ததை "அது எங்க ஆபீஸ்ல நடக்கலையே" என்று நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. பத்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள் புகார்க் குழு கட்டாயம். அதற்கும் குறைவான சிறு நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம்.

திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் தொழிலாளிதான். நியூஜெர்சி உரிமையாளருக்காக இரவு 11 மணிக்குப் பேசி, துபாய்க்காரருக்காகக் காலையிலேயே எழுந்து, டைனிங் டேபிளில் பத்து மணி நேரம் உட்காரும் கோஆர்டினேட்டருக்குக் கழுத்துவலியும் தூக்கமின்மையும் வருவது இயல்பு. தூக்கம் கெட்ட கோஆர்டினேட்டர் அனுப்பும் அரைகுறை டிக்கெட்டின் விலையை யாரோ ஒருவர் மொட்டை மாடியில் கொடுக்கிறார்.

'சின்ன கம்பெனி சார், கட்டுப்படியாகாது'

இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மாதம் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாதுகாப்பு அதிகாரி அனுப்ப முடியாது. வாடிக்கையாளர்களும் குறைந்த விலை சொல்பவரிடம் போய்விடுகிறார்கள்.

ஆனால் மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கப் பணத்தைவிடத் தகவல்தான் வேண்டும். இன்வெர்ட்டர் இருப்பதை எழுதுவதற்குச் செலவில்லை. 'தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது' என்று டிக்கெட்டில் போடுவதற்குச் செலவில்லை. இரண்டாவது ஆளுக்கும் சாரத்துக்கும்தான் செலவு. அந்தச் செலவை உரிமையாளர் தர வேண்டும். சொந்த வீட்டின் ஏசிக்காக ஒருவர் இரண்டாவது மாடியில் தொங்குகிறார் என்றால், அவர் பத்திரமாக இறங்குவதற்கான கூலியும் அந்த ஏசி பில்லில் ஒரு பகுதிதான்.

"நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்தான்" என்ற பதிலையும் ஏற்க முடியாது. யார் போக வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், எவ்வளவு காசு, அடுத்த வேலை உண்டா இல்லையா என்பதையெல்லாம் முடிவு செய்பவர், ஆபத்து வரும்போது மட்டும் பார்வையாளர் ஆகிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

நிறுவனங்கள் நாளைக்கே தொடங்கக்கூடியவை:

1. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆபத்துக் குறிப்பு. இன்வெர்ட்டர், சோலார், இஎல்சிபி, தொட்டி இருக்கும் இடம், மாடிச் சுவர், நாய், குளவிக்கூடு. வீட்டை ஏற்கும் முதல் நாளே பதிவு செய்து, எல்லா டிக்கெட்டிலும் தானாக வரும்படி செய்ய வேண்டும்.

2. வேலை முடிந்த போட்டோவுக்கு முன்னால், வேலை தொடங்கும் போட்டோ. ஏணி எப்படி நிற்கிறது, பெல்ட் எங்கே மாட்டியிருக்கிறது, இரண்டாவது ஆள் எங்கே. அது வந்த பிறகுதான் 'தொடங்கலாம்'.

3. சில வேலைகளுக்குத் தனி ஆள் கிடையாது. சம்ப், உயரம், பூட்டிய வீட்டில் மின்வேலை. ஆள் இல்லையென்றால் தேதியை மாற்ற வேண்டும்.

4. 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு பட்டன். ஆபத்து என்று தொழிலாளி மறுத்தால் ரேட்டிங் குறையக் கூடாது, போய்வந்த கூலியும் கிடைக்க வேண்டும்.

5. தனியாகப் போகும் ஊழியருக்குச் செக்-இன் அழைப்பு. சொன்ன நேரத்தில் பதில் இல்லையென்றால் யார் நேரில் போவார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

6. செப்டிக் டேங்கை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முறைவைத்து லாரியில் எடுக்க வேண்டும். பொங்கி வழிந்த பிறகு வரும் அவசர டிக்கெட்டில்தான் ஆள் இறங்குகிறார். கழிவுநீர் லாரி தேவைக்கும் புகாருக்கும் 14420 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

வீட்டு உரிமையாளர்கள் கேட்க வேண்டியவை மூன்றே. யார் வருகிறார்? அவருக்கு இஎஸ்ஐ அல்லது விபத்துக் காப்பீடு இருக்கிறதா? எந்த முறையில் செய்யப் போகிறார்? 'எவ்வளவு ஆகும், எப்ப முடியும்' என்ற இரண்டு கேள்விகளோடு இவற்றையும் சேர்த்துக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, ஊரில் அப்பா அம்மா வீட்டுக்குப் போனிலேயே ஆள் அனுப்புபவர்களாக இருக்கலாம். சிலர் அந்த டிக்கெட்டைத் திறக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் பொருந்துவது ஒன்றுதான். 'அப்ரூவ்' என்று அழுத்தும் விரல் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அடுத்தமுறை சனிக்கிழமை காலை அந்த மெசேஜ் வரும்போது டிக்கெட்டில் இப்படி எழுதலாம்: "லாரி மட்டும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம். அடியில் கசடு இருந்தால் இருக்கட்டும். லாரி இன்று கிடைக்கவில்லை என்றால் திங்கட்கிழமை பார்க்கலாம்." வாடகைதாரருக்கு இரண்டு நாள் சிரமம்தான். மாற்று ஏற்பாடு செய்து கொடுத்துச் சமாளிக்கலாம். தொட்டிக்குள் ஒருவர் இறங்கிய பிறகு சமாளிக்க எதுவும் இருக்காது.